கப்போராலும் என் வேண்டுதல் தாடியும்

"முடியாது" என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை வராது. எனக்கு வருவது தலையாட்டல்தான். காய்கறி வண்டிக்காரர் "ரெண்டு கிலோவா போட்டுடவா தம்பி?" என்றால் தலையாட்டிவிடுவேன். (வீட்டு மூலையில் முளைவிட்ட வெங்காயம் ஏற்கெனவே கிடக்கும்.) முடிவெட்டுகிறவர் "பின்னாடி இன்னும் கொஞ்சம் எடுத்துடலாமா?" என்றால் தலையாட்டிவிட்டு, கண்ணாடியில் தெரிந்த அந்த ஆள் யார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன். லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு உத்தரவுகளுக்கு ஒரே மூச்சில் தலையாட்டியவன் நான் ஒருவன்தான்.

இது பரம்பரை வியாதி. அப்பா மின்துறையில் இருந்தவர். மொத்த சர்வீஸையும் தலையாட்டியே முடித்தார். பிரிவுபசார விழாவில் யாரோ விளையாட்டாக, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்களேன் சார்" என்றதற்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பியவரை அம்மாதான் வாசலில் வைத்து மடக்கினாள்.

எங்கள் தலையாட்டலை ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரே ஒருவர் எடுத்துக்கொண்டார். உப்பளம் பகுதியில் குடியிருந்தார். முழங்கை நீளம் இருப்பார். பூர்வீகம் ஆஸ்திரேலியப் பாலைவனம். பெயர் கப்போரால்.

கதை ஒரு கல்யாண ரிசப்ஷனில் ஆரம்பித்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் ஜோசபின், பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர், அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர் என்பதெல்லாம், ஐஸ்கிரீம் வருவதற்குள் என் அம்மா விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். இந்தப் பெண் சிரித்தால் முதலில் கண் சிரிக்கிறது, பிறகுதான் வாய் சிரிக்கிறது. எனக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை.

அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "எங்க வீட்ல வளக்குறேன். பியர்டட் டிராகன். தாடி ஓணான். உங்களுக்கு ஓணான் புடிக்குமா?"

குளியலறைச் சுவரில் ஒரு பல்லி இருந்தால், துண்டைக் கட்டிக்கொண்டு நின்று "அம்மா!" என்று கூப்பிடுகிறவன் நான். அது போகிற வரையில் குளிக்க மாட்டேன். சில நாள் குளிக்காமலே ஆபீஸ் போயிருக்கிறேன். அந்த நான், அந்தப் படத்தைப் பார்த்து, அந்தக் கண்களைப் பார்த்து, தலையாட்டினேன்.

"நெஜமாவா!" என்று அவள் நாற்காலியையே என் பக்கம் திருப்பிவிட்டாள். "ரெண்டு பேரு என்னப் பாக்க வந்தாங்க. அந்த ஓணான யாருக்காவது குடுத்துட்டா பேசலாம்னாங்க. நான் அவங்களையே அனுப்பிட்டேன். வெரல் நீளம் இருக்கறப்ப வந்துச்சிங்க. சரியான வெளிச்சம் இல்லாம எலும்பெல்லாம் வளைஞ்சி, நிக்கக்கூட முடியாம. நான்தான் தேத்துனேன். அத எப்படிங்க குடுப்பேன்?"

நான் மறுபடி தலையாட்டினேன். இந்த முறை மனசாரத்தான்.

இங்கே என் தாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கல்யாணம் திகையும் வரை முகத்தில் கத்தி படக்கூடாது, திகைந்ததும் வில்லியனூர் மாதா கோயிலில் வந்து எடுக்கிறோம் என்று ஒரு வேண்டுதல். வேண்டிக்கொண்டது அம்மா, வளர்த்தது நான். தாடியைப் பார்த்துப் பெண் வீட்டார் வேண்டாம் என்றார்கள். அவர்கள் வேண்டாம் என்றதால் தாடி வளர்ந்தது. வளர்ந்த தாடியைப் பார்த்து அடுத்த பெண் வீட்டார் இன்னும் வேகமாக வேண்டாம் என்றார்கள். ஜோசபின் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன சமயத்தில் அது கன்னங்கரேலென்று சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது.

போவதற்கு முந்தின சாயங்காலம், தாடி ஓணானைப் பற்றிப் படித்து வைத்துக்கொள்வோம் என்று ஒரு வீடியோ போட்டேன். போனைக் கையில் பிடிக்கப் பயம். தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டு, எட்ட நின்று பார்த்தேன். கீரை தின்னும், பூச்சி தின்னும். வெயிலில் பலகைபோல உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு காயும். சூடு தாங்காவிட்டால் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். "அடுத்து, இதன் உடல்மொழி" என்று அந்த ஆள் சொன்னதுதான் தாமதம், திரை முழுக்க ஒரு முகம் வந்து வாயைப் பிளந்தது. தலையணையோடு சேர்த்துப் போனைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். உடல்மொழி தெரியாமல் கல்யாணம் நின்றுவிடுமா என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (அந்த ஒரு பகுதியைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகப் புறப்பட்டோம். அம்மா வழியில் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள்.

"ஜெரோமு, அங்க வந்து வாயத் தொறக்காத. நீ பேசுனா காரியம் கெட்டுடும். அவங்க என்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு. மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

அம்மா என்னிடம் கேட்டதிலேயே எனக்குச் சுலபமாக வரக்கூடிய காரியம் அதுதான். உற்சாகமாகத் தலையாட்டினேன். பக்கத்தில் அப்பாவும் ஆட்டினார்.

ஜோசபினின் அப்பாவைத் தெருவில் எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் மரியாதைப்பட்ட பெரியவர்களுக்கு இன்னும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் நிமிர்ந்த முதுகு, வெட்டிவிட்ட மீசை. ராணுவத்தில் சார்ஜானாக, அதாவது சார்ஜென்டாக, இருந்தவர். கூடத்தில் எங்களை உட்காரவைத்தார். எனக்கு நேர் எதிரே, ஜன்னல் ஓரமாக, பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே மணல், ஒரு கட்டை, மேலே சூட்டு விளக்கு. கட்டையின்மேல் அவர்.

மணல் நிறம். விலாவில் இரண்டு பக்கமும் முள் முள்ளாக வரிசை. முக்கோணத் தலை. தாடைக்குக் கீழே சொரசொரவென்று முள்தாடி. ஒரு கண்ணை என்மேல் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. எனக்கு முதுகில் வேர்த்துக் கொட்டியது. அம்மா என் காதில், "உடும்பாடா இது?" என்றாள்.

"பேரு கப்போரால்," என்றார் முசே. "பொண்ணு வேற என்னமோ பேரு வெக்கப் பாத்தா. நான்தான் மாத்துனேன். நான் சார்ஜான், கப்போரால்ங்கறது அதுக்குக் கொறஞ்ச பதவி. வீட்ல எனக்குக் கீழ ஒருத்தனாவது இருக்கணும்ல?"

உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்த அவர் மனைவி, "அவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

இந்த இடத்தில் நம் வழக்கத்தைக் கொஞ்சம் நொந்துகொள்ள வேண்டும். பெண் பார்க்கும் வீட்டில், பெண் உள்ளே இருப்பாள். கூப்பிட்ட பிறகுதான் தட்டோடு வருவாள். அதாவது அந்த வீட்டில் ஓணானைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் சமையலறையில் புடவையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறாள். கூடத்தில் இருப்பவர்கள் எல்லாம் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள். முசேயின் அறிவு அதற்குப் பெயர் வைத்ததோடு முடிந்தது.

"தம்பிக்கு லாஸ்பேட்டைலதான வேலை?"

தலையாட்டினேன்.

"ஸ்கூட்டர்ல போயிட்டு வந்துடுறீங்க?"

தலையாட்டினேன்.

"குடி கிடின்னு ஒண்ணும் கெடையாதே?"

அதற்கும் ஆட்டினேன். முசேயின் மீசை நின்றது. "கெடையாதுங்குறீங்களா, உண்டுங்குறீங்களா?" அம்மா பாய்ந்து, "அய்யய்யோ, சோடா குடிச்சாக்கூட இருமுவாங்க" என்று காப்பாற்றினாள்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கப்போரால் முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது. என்னைப் பார்த்தது. பிறகு தலையை ஆட்டியது! மேலும் கீழும், டக் டக் டக்கென்று, உடம்பே குலுங்க.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறேன், என்னைப் பார்த்து ஒரு ஜீவனாவது சரி என்று தலையாட்டியதுண்டா?

அம்மா அப்படியே உருகிவிட்டாள். "பாத்தியாடா, அதுக்கே உன்னப் புடிச்சிப்போச்சி. பதிலுக்கு நீயும் ஆட்டுடா, மரியாதையில்லாம உக்காந்திருக்கான் பாரு."

ஆட்டினேன். நன்றியோடு ஆட்டினேன். தாடி நெஞ்சில் பட்டுப் பட்டு எழும்பியது. அது இன்னும் வேகமாக ஆட்டியது. நானும் வேகத்தைக் கூட்டினேன். அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, அவரும் சேர்ந்துகொண்டார். பெட்டிக்கு உள்ளே ஒருவர், வெளியே இரண்டு பேர். மூன்று பேரும் மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். முசே இதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்போராலின் தாடி கறுக்க ஆரம்பித்தது. மணல் நிறமாக இருந்த கழுத்து, யாரோ மை தடவினாற்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, உப்பி, முள்ளெல்லாம் விறைத்து நின்றது.

"கறுத்துட்டானே!" என்றேன், அம்மாவின் உத்தரவை மீறி.

"வெக்கம்," என்றார் முசே. "மாப்ள வீட்டுக்காரங்க வந்திருக்கீங்கல்ல." பிறகு எழுந்து பெட்டியின் கதவைத் திறந்தார். "தம்பிக்குத்தான் ஓணான்னா உயிராமே, பொண்ணு சொன்னா. மடியில வெச்சிக்குறீங்களா?"

வேண்டாம் என்று என் மூளை சொன்னது. கை சொன்னது, கால் சொன்னது, வயிறு உரக்கவே சொன்னது. தலை மட்டும் ஆடிவிட்டது.

கப்போரால் என் மடியில் வந்து இறங்கியது. நகங்கள் பேன்ட்டைத் தாண்டித் தொடையில் குத்தின. சூட்டு விளக்கின் கீழே இருந்ததால் அதன் வயிறு வெதுவெதுவென்று இருந்தது. அண்ணாந்து என் தாடியைப் பார்த்தது. நான் மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து முசே சம்பிரதாயமாகக் கேட்டார்:

"அப்ப பொண்ணக் கூப்பிடலாமா?"

இதற்காகத்தானே ஐயா நான் பிறந்து வளர்ந்து பூசை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்! அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வந்த ஒரு தலையாட்டல் ஆட்டினேன். என் தாடி முழுக்கக் கப்போராலின் தலைக்கு மேலே போய் வந்தது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். மஞ்சளாக ஒரு வாய். அடுத்த கணம் கப்போரால் என் தாடியைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

நான் போட்ட சத்தத்தில் எந்த மொழியின் எழுத்தும் இல்லை. துள்ளி எழுந்தேன். சரியாக அப்போதுதான் ஜோசபின் பட்டுப்புடவையில், கேக்கும் காபியும் வைத்த தட்டோடு, தலை குனிந்து உள்ளே வந்தாள். அவளுடைய தட்டும் என்னுடைய முழங்கையும் சந்தித்தன. காபி அப்பாவின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. ("சுடலியே?" என்று முசே கேட்டதற்கு அப்பா தலையாட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.) அம்மா "மாதாவே!" என்று கத்திக்கொண்டு வாசல் கதவைத் திறந்து தெருவுக்கு ஓடினாள். கப்போரால் தாடியில் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு கீழே குதித்தது. திறந்த கதவைப் பார்த்தது. பின்னங்கால் இரண்டில் எழுந்து, மனிதனைப் போல, அம்மாவுக்குப் பின்னாலேயே ஓடியது.

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது: "தலைய ஆட்டுனீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"அய்யோ, ஆட்டாதீங்க! ஆம்பள ஓணான் தலைய ஆட்டுனா 'இது என் எடம், வெளிய போ'ன்னு அர்த்தம். தாடி கறுத்தா சண்டைக்குத் தயாரா இருக்குன்னு அர்த்தம். இம்மாம்பெரிய கறுப்புத் தாடிய வெச்சிக்கிட்டு, அது வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்து ஆட்டியிருக்கீங்களே! அது என்னா பண்ணும், பாவம்!"

சின்ன வயதில் வேலியோரத்து ஓணான் தலையாட்டினால், அது நம்மைக் கிண்டல் செய்கிறது என்று நினைத்துக் கல் எறிந்திருக்கிறேன். அதனிடம் யார் அர்த்தம் கேட்டார்கள்? மரியாதை என்று நினைத்து நான் செய்துகொண்டிருந்தது இவ்வளவு நேரமும் வம்புச் சண்டை. அதுவும் ஒரு கப்போராலை, அவன் முகாமிலேயே போய்.

எல்லாரும் வெளியே ஓடினோம். கப்போரால் காம்பவுண்டு மதிலின்மேல் இருந்தது. காகிதப்பூக் கொடியைப் பிடித்து ஏறியிருக்க வேண்டும். உச்சி வெயிலில் மதில் கொதித்தது. வாயைத் திறந்துகொண்டு, தாடி இன்னும் கறுப்பாகவே, நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மதிலின் அந்தக் கோடியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, கப்போராலின் வாலைப் பார்த்தது.

"சூ! சூ!" என்று ஜோசபின் கையைத் தட்டினாள். காக்கா ஒரு தத்துத் தத்தி இன்னும் கிட்டே வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வால் போனா மொளைச்சிடும்மா, பயப்படாத," என்றாள் அம்மா, தெருவில் பத்திரமான தூரத்தில் நின்றுகொண்டு.

"பல்லிக்குத்தான் ஆன்ட்டி மொளைக்கும். இதுக்கு மொளைக்காது." சொன்ன கையோடு ஜோசபின் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிலில் காலை வைத்தாள். அவள் அம்மா ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை தள்ளி நின்ற என் அம்மா ஓடி வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "பாக்க வந்த அன்னிக்கே பொண்ணு மதில் ஏறுனா ஊரு என்னா பேசும்!" என்பதில் இரண்டு சம்பந்தி அம்மாக்களுக்கும் அவ்வளவு ஒற்றுமை. முசேயால் ஏற முடியாது, முழங்கால் பழுது. அப்பா காபிச் சட்டையோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மிச்சம் நான்தான்.

ஒன்று சொல்கிறேன், அப்போது எனக்கு வீரமெல்லாம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஆனால் விரல் நீளத்தில் வந்ததை எடுத்துத் தேற்றியவள் கண் நிறைந்து நிற்கிறாள், அதை இந்த மதில்மேல் கொண்டுவந்து நிறுத்தியது என் தலை. அந்தக் காக்கா ஒரு கொத்துக் கொத்தினால், இவள் முகத்தை நான் இனி எந்த ஜென்மத்தில் பார்ப்பது? நாற்காலியைப் போட்டு ஏறினேன்.

"தாடிய மறைங்க!" என்றாள் ஜோசபின் கீழேயிருந்து. கைக்குட்டையை எடுத்து மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"மேலேருந்து கைய நீட்டாதீங்க. அதுக்கு நடு உச்சியில ஒரு கண்ணு மாதிரி இருக்கு, நெழல் பட்டா பருந்துன்னு நெனச்சிக்கும். நேரா எதுக்க, கீழயே குனிஞ்சி போங்க!"

மதிலின் அகலம் ஒரு செங்கல்தான். முட்டி போட்டுக்கொண்டு தவழ ஆரம்பித்தேன். உள்ளங்கை சுட்டது. முட்டி சுட்டது. தெருவில் பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "யார்ரா அது, பட்டப்பகல்ல மூஞ்சிய மூடிக்கினு மதில் ஏறுறவன்?" என்று குரல் கொடுத்தார்.

"நம்ம வீட்டு மாப்ள!" என்று முசே திருப்பிக் கத்தினார்.

மாப்ள! மதில்மேல் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாரும் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லையே! சந்தோஷத்தில் என் கழுத்து தானாக அசைய ஆரம்பித்தது.

"தலை! தலை!" என்று ஜோசபின் அலறினாள்.

"கார்தாவூ!" என்றது முசேயின் ராணுவக் குரல். (அசையாமல் நில் என்று பிரெஞ்சில் உத்தரவு. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தக் குரலுக்கு மொழி தேவைப்படவில்லை.) நான் சிலையாகிவிட்டேன். காக்காவும் ஒரு கணம் அசையவில்லை.

"இப்ப ஒரு கைய மட்டும் தூக்குங்க," என்றாள் அவள். "மெதுவா. காத்துல வட்டம் போடற மாதிரி. சின்ன ஓணான் பெரிய ஓணானுக்கு அப்படித்தான் காட்டும். 'நீதான் பெரிய ஆளு, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்'னு அர்த்தம்."

மூன்று காலில் நின்று வலது கையைத் தூக்கினேன். மெதுவாக வட்டம் போட்டேன். உப்பளமே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரியில் படிக்கிற இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். நான் கப்போராலின் கண்ணைப் பார்த்து, முழு மனதோடு, என் மானம் மரியாதை எல்லாவற்றையும் அந்தக் கையில் வைத்துச் சுற்றினேன். நீதான் பெரிய ஆளு. நான் ஒன்றுமே இல்லை. லாஸ்பேட்டை ஆபீஸில் கேட்டுப் பார், அவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

கப்போரால் என்னைப் பார்த்தது. வாயை மூடியது. கழுத்தில் உப்பல் வடிந்தது. கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்து, மணல் நிறம் திரும்பியது! கீழே யாரோ கை தட்டினார்கள். காக்கா இன்னொரு தத்துத் தத்தியது. இனிமேல் யோசிக்க நேரமில்லை என்று உள்ளங்கையை மதிலோடு ஒட்டித் தள்ளிக்கொண்டு போய் அதன் வயிற்றுக்கு அடியில் நுழைத்தேன். அது சாவகாசமாக என் கைமேல் ஏறி, தோளுக்கு வந்து, கழுத்தோரமாகப் படுத்துக்கொண்டது. காக்கா என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, என் கழுத்தில் ஓணான் இருக்கிறது என்று. இறங்கவும் தெரியவில்லை, அசையவும் முடியவில்லை. விறைத்துப்போய் மதில்மேல் முட்டி போட்டபடியே இருந்தேன்.

"ரெப்போ!" என்றார் முசே கனிவாக. (தளர்ந்து நில் என்று உத்தரவு.)

அப்படியே தளர்ந்தேன். தளர்ந்த வேகத்தில் வீட்டுப் பக்கமாக, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவில் மல்லாக்க விழுந்தேன். கப்போரால் என் நெஞ்சின்மேல் ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

ஜோசபின் முதலில் அதைத்தான் எடுத்தாள். வால், கால், ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்னைப் பார்த்தாள். என் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கைக்குட்டை கழுத்துக்கு இறங்கி, பாதி பிடுங்கப்பட்ட தாடி வெளியே நின்றது.

"உங்களுக்கு ஓணான் புடிக்காதுல்ல?"

தலையாட்டப் போனவன், பயந்து நிறுத்திக்கொண்டேன். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். "புடிக்காதுங்க. பல்லி வந்தாலே அம்மாவத்தான் கூப்புடுவேன்."

"அப்புறம் எதுக்கு மதில் ஏறுனீங்க?"

"உங்களப் புடிக்குங்க."

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு குடும்பமும் தெருவில் பாதியும் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜோசபினின் கண் சிரித்தது, பிறகு வாயும் சிரித்தது. முசே அவளைப் பார்த்து, "அலே, இன்னா சொல்ற?" என்றார். (அலே என்றால் பிரெஞ்சில் "ம், ஆகட்டும்.") அவள் பதில் சொல்லாமல் கப்போராலை என் கையில் கொடுத்துவிட்டு, சிராய்ப்புக்கு மருந்து எடுக்க உள்ளே போனாள். அதுதான் பதில் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா நிம்மதியாகத் தலையாட்டினார்.

கல்யாணம் திகைந்தது. வில்லியனூரில் தாடியை எடுத்தேன். மொழுமொழுவென்ற முகத்தோடு உப்பளத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். கப்போரால் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. "தாடி போச்சில்ல, இனிமே உங்கள ஒரு ஆம்பளையாவே மதிக்காது," என்றாள் ஜோசபின். கோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது நான் பழக்கத்தில் தலையை ஆட்டப் போக, அவள் பூச்செண்டால் என் விலாவில் ஒரு குத்துக் குத்தி, "வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள். மைக்கில் விழுந்துவிட்டது. கல்யாண வீடியோவில் அந்த இடம் வந்தால் அம்மா இன்றைக்கும் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள்.

கப்போரால் சீதனமாக எங்களோடு வந்துவிட்டது. இப்போது வயதாகிவிட்டது. நாள் முழுக்க விளக்கின் கீழே பலகையாகக் கிடக்கிறது. பல்லி வந்தால் இப்போதும் நான் குளிக்க மாட்டேன். கப்போராலுக்குக் கீரை நறுக்கிப் போடுவது மட்டும் என் வேலை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. தப்புச் செய்தவர் வலது கையைத் தூக்கி, மெதுவாக ஒரு வட்டம் போட வேண்டும். எங்கள் மகள் பேசுவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டாள். முசே காய்ச்சலில் மாத்திரையைப் போடாமல் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டபோது, அந்தச் சார்ஜானே கை தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை மறுபடி ஓடியது. நான் வட்டம் போட்ட இடம் வந்ததும் ஜோசபின் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"உண்மையச் சொல்லட்டுமா? மனுசன் கையாட்டுனா அதுக்கெல்லாம் ஒண்ணும் புரியாதுங்க. நீங்க தலைய ஆட்டாம இருந்தீங்க, தாடி மறைஞ்சிருந்திச்சி. அதனாலதான் அடங்கிச்சி."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "அப்ப எதுக்கு அந்தத் தெருவே பாக்க என்னக் கையாட்ட வெச்ச?"

"கைக்கு ஒரு வேல குடுத்தாதான் உங்க தலை சும்மா இருக்கும்னு தோணிச்சி," என்றாள். "அப்புறம், நான் சொன்னா செய்வீங்களான்னும் பாக்கணும்ல."

இத்தனை வருஷ ஏமாற்று! இதைச் சும்மா விடக்கூடாது, இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோபத்தில் என் தலை ஆடியிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டைமேல் கப்போரால் அசைந்தது. மகள் தட்டை விட்டுவிட்டு, "அப்பா, தலை! தலை!" என்று கத்தினாள்.

நான் வலது கையைத் தூக்கினேன்.